பழைய வீட்டின் மேல் மாடி எடுக்க: கனம் குறைந்த கல்லும் சாம்பல் கான்கிரீட்டும் குமரிக்குச் சரிவருமா?

குளச்சல்காரன் (இழை தொடங்கியவர்)

எங்கள் வீடு அப்பா தொண்ணூறுகளில் கட்டியது. கருங்கல் அஸ்திவாரம், ஒன்பது இஞ்சு சுடுகல் (செங்கல்) சுவர், மேலே கான்கிரீட் வார்ப்பு. கடல் கூப்பிடு தூரம். தம்பிக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம், மேலே இரண்டு அறையும் ஒரு குளியலறையும் எடுக்க வேண்டும். வந்து பார்த்த இன்ஜினியர், "இந்த அஸ்திவாரத்தை நம்பி மேலே செங்கல் ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை, கனத்தைக் குறைக்க வழி பாருங்கள்" என்று சொல்லிவிட்டார்.

பிளாக் கடையில் கனம் குறைந்த கல் விசாரித்தால் ஏ.ஏ.சி. என்கிறார்கள், சி.எல்.சி. என்கிறார்கள். எல்லாம் அனல் மின் நிலையச் சாம்பலில் செய்வது, சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்கிறார்கள். மாமனாரோ "சாம்பல்ல கட்டுன வீடு சாம்பலாத்தான் போவும்" என்கிறார். உப்புக்காற்றுக்கு இதெல்லாம் தாங்குமா? சுவர் மட்டும் போதுமா, மேல் தளத்தையும் கனம் குறைந்த கான்கிரீட்டில் போடலாமா? நம் மாவட்டத்திலேயே கிடைக்கிற கழிவை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? கட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை மேஸ்திரி

தம்பி, கல்லைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் கீழே இருக்கிற வார்ப்பைப் பாருங்கள். ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று கேட்டால் சரி. பொள்ளலாகச் சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து, பூச்சையும் கான்கிரீட்டையும் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கடற்கரைப் பக்கம் அந்தக் காலத்தில் கடல் மணலைச் சரியாகக் கழுவாமல் கலந்த வீடுகளும் உண்டு. அப்படி இருந்தால் மேலே எந்தக் கல் வைத்தாலும் பிரயோசனம் இல்லை.

இன்னொன்று, மட்டுப்பாவில் (மொட்டைமாடியில்) நினைத்த இடத்தில் சுவர் எழுப்பக்கூடாது. கீழ்ச்சுவருக்கு நேர் மேலேதான் மேல்சுவர் வர வேண்டும். அறை அளவு கொஞ்சம் கூடக் குறைய வந்தாலும் பரவாயில்லை.

சிவில் அக்கா

மேஸ்திரி அண்ணாச்சி சொன்னதுதான் முதல் வேலை. அதோடு இதையும் செய்யுங்கள். ஒரு மூலையில் கான்கிரீட்டைக் கொஞ்சம் உளியால் உடைத்து, தூசியைத் தட்டிவிட்டு, அந்தப் புது முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளிக்கச் சொல்லுங்கள். கரும் இளஞ்சிவப்பாக மாறினால் அங்கே காரத்தன்மை மிச்சம் இருக்கிறது, கம்பிக்குப் பாதுகாப்பு உண்டு. நிறம் மாறாத ஆழம் எவ்வளவோ, அவ்வளவு தூரம் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே போய்விட்டது. ஆனால் உப்பு ஏறியிருக்கிறதா என்பதை இந்தச் சோதனை காட்டாது. அதற்குத் தூள் எடுத்துக் குளோரைடு பார்க்க வேண்டும், இன்ஜினியரிங் கல்லூரி ஆய்வகங்களில் செய்து தருவார்கள்.

இனி கணக்கு. இரண்டு அறை, குளியலறை என்றால் கதவு சன்னல் போக ஏறக்குறைய 60 சதுர மீட்டர் சுவர் வரும் என்று வைத்துக்கொள்வோம். சுடுகல் ஒரு கன மீட்டர் 1900 கிலோ. ஒன்பது இஞ்சுச் சுவர் சதுர மீட்டருக்கு 437 கிலோ, மொத்தம் 26 டன். அதையே எட்டு இஞ்சு ஹாலோ பிளாக்கில் கட்டினால் 18 டன் வாக்கில் நிற்கும். ஏ.ஏ.சி. பிளாக் ஒரு கன மீட்டர் 550 முதல் 650 கிலோதான், ஈரத்தையும் சேர்த்து 650 என்றே வைத்தாலும் எட்டு இஞ்சுச் சுவர் 8 டன்னுக்குள் முடியும். பூச்சு எல்லாவற்றுக்கும் பொது. ஆக, செங்கல்லுக்குப் பதில் இதை வைத்தாலே 18 டன் இறங்குகிறது. உங்கள் இன்ஜினியர் கேட்டது இதைத்தான்.

ஏ.ஏ.சி. என்ன பொருள் என்று உங்கள் மாமனாருக்குச் சொல்ல: சாம்பல்தான் பெரும்பங்கு, கூட சிமெண்ட், சுண்ணாம்பு, ஜிப்சம், ஒரு சிட்டிகை அலுமினியப் பொடி. அலுமினியம் சுண்ணாம்புக் காரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவை விடும், கலவை ஆப்ப மாவு போலப் பொங்கும். பொங்கியதைக் கம்பியால் துண்டு போட்டு, 180 டிகிரிக்கு மேல் நீராவி அழுத்தத்தில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். அங்கேதான் சாம்பலின் சிலிக்காவும் சுண்ணாம்பும் சேர்ந்து புதுத் தாதுவாகிக் கல்லாகிறது. 1920-களில் சுவீடனில் கண்டுபிடித்த முறை, நூறு வருஷம் பழகிவிட்டது. அது சாம்பலாகப் போகாது.

சி.எல்.சி. வேறு. சோப்பு நுரை மாதிரி ஒன்றைத் தனியாகத் தயாரித்துச் சாம்பல்-சிமெண்ட் கலவையில் கலந்து அச்சில் ஊற்றுவது. நீராவி தேவையில்லை, சின்னப் பட்டறையிலும் செய்யலாம். அதனாலேயே தரம் பட்டறைக்குப் பட்டறை மாறும். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2185-ல் ஏ.ஏ.சி.க்கு மூன்றாம் பாகம், நுரைக் கல்லுக்கு நான்காம் பாகம். வாங்கும்போது அந்த எண்ணைக் கேளுங்கள், சோதனைச் சான்றும் கேளுங்கள்.

ஆரல்காற்று

சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று யாராவது சொல்லுங்கள். பக்கத்திலேயே கூடங்குளம் இருக்கிறதே, அங்கே கிடைக்காதா?

சிவில் அக்கா

கூடங்குளம் அணு உலை தம்பி, அங்கே எரிக்கிறது நிலக்கரி இல்லை. அங்கிருந்து சாம்பல் வந்தால் நாம் எல்லோரும் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான் 😀 நமக்குக் கிட்டத்தில் தூத்துக்குடி அனல் மின் நிலையம், 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. நாகர்கோவிலிலிருந்து 130 கிலோமீட்டர் வாக்கில்.

1999-லிருந்தே சாம்பலைப் பயன்படுத்தச் சொல்லி மத்திய அரசின் அறிவிக்கை உண்டு. 2021 டிசம்பரில் வந்த புதிய அறிவிக்கைப்படி, அனல் மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் கட்டுமானங்களில், விலை மாற்றுப் பொருளைவிடக் கூடாமல் கிடைக்கும் பட்சத்தில், சாம்பல் பொருள்களைப் பயன்படுத்த வேண்டும். நம் மாவட்டம் முழுக்க அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

மலைநாட்டான்

எல்லோரும் சாம்பல் புராணம் படிக்கிறீர்கள். தூத்துக்குடியிலிருந்து லாரியில் சாம்பல் போகிறது, வேறு ஊரில் கல்லாகிறது, மறுபடி லாரியில் இங்கே வருகிறது. இதில் என்ன பசுமை? இங்கே நாங்கள் தினமும் கல் ஏற்றிய டாரஸ் லாரிக்கு ஒதுங்கி நின்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறோம். மலையை உடைத்து கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவதை நிறுத்தாமல், வீட்டுக்காரன் ஒருவன் கல்லை மாற்றினால் பூமி பிழைத்துவிடுமா?

வேளிமலை

மலைநாட்டான் அண்ணன் கோபம் நியாயம்தான். ஆனால் அதற்கு இதுவே ஒரு பதில் இல்லையா? ஹாலோ பிளாக்குக்குள் போவது முழுக்க ஜல்லியும் கிரஷர் பொடியும், அதாவது அதே மலை. சுடுகல் என்றால் தோவாளைப் பக்கத்து வயல் மண்ணும் குளத்து மண்ணும், அதோடு சூளைக்கு விறகு. மின் நிலையத்தின் குட்டையில் கிடந்து காற்றில் பறக்கிற சாம்பலை எடுத்துக் கல்லாக்கினால் அந்த அளவுக்கு மலையும் வயலும் தப்புகின்றன. லாரி கணக்கும் அப்படித்தான். கனம் மூன்றில் ஒரு பங்கு என்றால் அதே லாரியில் மூன்று மடங்கு சுவர் வரும்.

சிவில் அக்கா

மலைநாட்டான் சொன்னதில் ஒன்றை நான் ஒத்துக்கொள்கிறேன். கனம் குறைந்தது எல்லாம் பசுமை ஆகாது, பசுமை எல்லாம் கனம் குறைந்ததும் ஆகாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தெர்மாகோல் மணி கலந்த கான்கிரீட் ரொம்ப லேசு, ஆனால் சிமெண்ட் நிறையக் குடிக்கும். தாமிரக் கசடு நல்ல கழிவுப் பொருள், 2016-ல் திருத்திய ஐ.எஸ். 383 மணலுக்குப் பதிலாக ஓர் அளவு வரை அனுமதிக்கிறது, ஆனால் மணலைவிடக் கனம். தூத்துக்குடித் தாமிர ஆலை 2018-ல் மூடியதிலிருந்து புதிதாக வருவதும் இல்லை.

கரியமில வாயுவில் பெரிய குற்றவாளி சிமெண்ட்தான். சிமெண்டாக அரைபடுகிற வெந்த கட்டிக்குக் கிளிங்கர் என்று பெயர். ஒரு டன் கிளிங்கர் உருவாக 800 முதல் 900 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதில்லை, சுண்ணாம்புக்கல் வெந்து உடையும்போதே வருகிறது. அதனால் சூரிய மின்சாரத்தில் ஆலை ஓட்டினாலும் அந்தப் பாதி அப்படியே இருக்கும். கிளிங்கரின் அளவைக் குறைப்பதுதான் வழி. சாம்பலும் இரும்பாலைக் கசடும் அங்கேதான் உதவுகின்றன.

பருத்திவிளை

நம்ம ஊர்ப் பொருளைப் பற்றி யாரும் பேசவில்லையே. தேங்காய்ச் சிரட்டை எவ்வளவு கிடக்கிறது! சிரட்டையை உடைத்து ஜல்லிக்குப் பதில் போட்டுக் கான்கிரீட் செய்யலாம் என்று படித்தேன். அண்டி ஆபீஸ்களில் (முந்திரி ஆலைகளில்) தோடு எரித்த சாம்பல், அரிசி மில்லில் உமிச் சாம்பல் எல்லாம் சும்மா கொட்டுகிறார்கள். மணவாளக்குறிச்சியில் கனிமம் பிரித்தெடுத்த மீதி மணலும் இருக்கிறது.

சிவில் அக்கா

நல்ல கேள்வி, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சிரட்டை ஜல்லி ஆராய்ச்சியில் நன்றாகத் தேறிய பொருள். தமிழ்நாட்டிலேயே நிறைய வேலை நடந்திருக்கிறது. கன மீட்டருக்கு 2000 கிலோவுக்குக் கீழே கான்கிரீட் கிடைக்கும், 20 மெகாபாஸ்கலுக்கு மேல் வலிமையும் எடுத்திருக்கிறார்கள். ஆனால் சிரட்டை தன் எடையில் கால் பங்கு அளவுக்குத் தண்ணீர் குடிக்கும். ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு, மேல்ஈரம் மட்டும் உலர்ந்த பதத்தில் கலக்க வேண்டும். ஊறாமல் போட்டால் சிமெண்டுக்குரிய தண்ணீரை அது உறிஞ்சிவிடும். அதோடு கரி ஆலைக்காரர்கள் நல்ல விலைக்கு எடுக்கிற சிரட்டையை நாம் கழிவு என்று சொல்ல முடியுமா?

உமிச் சாம்பல் அருமையான பொருள், ஆனால் எரித்த விதத்தைப் பொறுத்தது. 700 டிகிரிக்குள் பக்குவமாக எரித்தால் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா, அதுவும் சுண்ணாம்போடு சேரத் துடிக்கிற வடிவத்தில். மில் கொதிகலனில் கண்டபடி எரிந்தால் பாதி கரியாக நிற்கும், மீதி படிகமாகிச் செயலற்றுப் போகும். கறுப்பாக இருந்தால் கரி அதிகம் என்று கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம்.

அண்டித் தோட்டுச் சாம்பலை நான் தொடமாட்டேன். தோட்டில் எண்ணெய் உண்டு, எரிந்தும் எரியாமலும் கிடக்கும். மின் நிலையச் சாம்பலுக்கே ஐ.எஸ். 3812 எரியாத பொருள் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறது. மூட்டைக்கு மூட்டை மாறுகிற பொருளை வீட்டுச் சுவரில் சோதித்துப் பார்க்கக்கூடாது.

மணவாளக்குறிச்சி மணல் உங்கள் கேள்விக்கு நேர் எதிர். அங்கே கிடைக்கிற இல்மனைட் என்ற கனிமத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல நாலரை மடங்குக்கு மேல். அதை ஜல்லியாகப் போட்டுக் கனமான கான்கிரீட் செய்வார்கள், கதிர்வீச்சைத் தடுக்கும் சுவர்களுக்கு. கூடவே கிடைக்கிற மோனசைட் கனிமத்தில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் வேறு. கனிமம் பிரித்த மீதி என்று யாராவது லாரியில் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மட்டுறுத்துநர்

கடைப் பெயர், போன் நம்பர், விலைப்பட்டியல் போட்ட பதிவுகள் நீக்கப்பட்டன. விற்பனைக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

குளச்சல்காரன்

அக்கா, அண்ணாச்சி, ரொம்ப நன்றி. தட்டிப் பார்த்தாயிற்று. கடலைப் பார்த்த சன்ஷேடு மட்டும் பொள்ளல், உள்ளே அறைகள் எல்லாம் கணீர் என்றுதான் இருக்கின்றன. இன்ஜினியர் உடைத்துத் தெளித்ததில் மேல் ஓரத்தில் கொஞ்சம் போக, கம்பிப் பக்கம் நல்ல நிறம் வந்தது. தூள் எடுத்துக் குளோரைடுக்கும் கொடுத்தோம், வரம்புக்குள்தான் வந்திருக்கிறது. சன்ஷேடை இடித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லிவிட்டார்.

மேல் தளத்துக்கு வருவோம். நுரைக் கான்கிரீட்டில் தளமே போட்டுவிட்டால் இன்னும் கனம் குறையும் அல்லவா?

சிவில் அக்கா

வேண்டாம். சுவர்க் கல்லில் கம்பி இல்லை, ஓட்டை இருந்தால் ஒன்றும் குடிமுழுகாது. தளத்தில் கம்பி இருக்கிறது. கடற்கரையில் கம்பியைக் காப்பது அதைச் சுற்றியுள்ள அடர்ந்த கான்கிரீட்தான். உப்பு புக வழிவிடும் நுரைக் கான்கிரீட்டுக்குள் கம்பியைப் போட்டால் உங்கள் சன்ஷேடுக்கு ஆனதே தளத்துக்கும் ஆகும்.

சாம்பலைச் சுட்டுச் செய்யும் செயற்கை ஜல்லி ஒன்று உண்டு, ஐ.எஸ். 9142 இரண்டாம் பாகம் அதற்குத்தான். அதில் தளமே வார்க்கலாம், கன மீட்டர் 1850 கிலோ வாக்கில் வரும். ஆனால் உங்கள் தளம் 40 சதுர மீட்டர், ஐந்து இஞ்சு என்றால் சாதாரணக் கான்கிரீட்டில் 12 டன் சொச்சம். செயற்கை ஜல்லி போட்டு மிச்சம் பிடிப்பது 3 டன். சுவரில் ஏற்கெனவே 18 டன் இறக்கியாயிற்று. இந்த 3 டன்னுக்காகப் பழக்கமில்லாத பொருளைத் தருவித்து, அதை ஊறவைத்துக் கலக்கத் தெரிந்த ஆளையும் தேடி அலைய வேண்டாம்.

தளத்தில் சாம்பலைக் கனத்துக்காகச் சேர்க்காதீர்கள், ஆயுளுக்காகச் சேருங்கள். சிமெண்ட் இறுகும்போது உபரியாக ஒரு சுண்ணாம்பு உண்டாகிறது. சாம்பலின் சிலிக்கா அதைப் பிடித்துப் பசையாக மாற்றி நுண்துளைகளை அடைக்கிறது, உப்பு உள்ளே போகும் வேகம் குறைகிறது. இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்ட் இதில் இன்னும் கெட்டி. இதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம். கடையில் பி.பி.சி. என்று வாங்குகிற மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் சாம்பல் ஏற்கெனவே உண்டு, எத்தனை சதவீதம் என்று மூட்டை மேலேயே அச்சிட்டிருக்கும். கசடு சிமெண்டில் 25 முதல் 70 சதவீதம் வரை கசடு. உங்கள் மாமனார் கடைசியாக வீட்டு வேலைக்கு வாங்கிய மூட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள் 😀

ஒரே நிபந்தனை, தண்ணீர். சாம்பல் மெதுவாக வேலை செய்யும். ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்கு 7 நாள் என்றால் கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், 14 நாள் இருந்தால் நல்லது என்கிறது. மூன்றாம் நாளே சாக்கை உருவிவிட்டுப் போகிற இடத்தில் சாம்பல் சிமெண்டைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை.

வேளிமலை

அக்கா, ஃபில்லர் ஸ்லாப் பற்றிச் சொல்லவில்லையே. கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் எத்தனை கட்டிடத்தில் செய்து காட்டினார், நம் பக்கமும் மார்த்தாண்டம் வரை அந்தப் பாணி வீடுகள் உண்டு. தளத்தின் அடிப்பாதியில் கான்கிரீட் கனத்தைத் தாங்குவதில்லை, கம்பிதான் இழுவையைத் தாங்குகிறது. அந்த இடத்தில் பழைய ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து வார்ப்பது. பழைய ஓடு இடித்த வீடுகளில் குவிந்து கிடக்கிறது, இதைவிட நல்ல கழிவு உண்டா?

தக்கலை மேஸ்திரி

நான் செய்திருக்கிறேன். வெயில் காலத்தில் கீழே உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும், நடுவில் காற்று நிற்கிறதல்லவா. ஆனால் கனம் பெரிதாகக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓட்டுக்கும் கனம் உண்டு, நடுவிலுள்ள காற்றுக்குத்தான் இல்லை. சிமெண்டும் ஜல்லியும் மிச்சமாகும், அது உண்மை. ஓட்டை முந்தின நாளே நனைத்து வைக்க வேண்டும், கம்பிக்கட்டம் ஓட்டின் அளவுக்குப் பிசகாமல் வர வேண்டும். வார்க்கும்போது ஆள்கள் ஓட்டை மிதித்து உடைப்பார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிவில் அக்கா

உள்நாட்டில் என்றால் நானும் செய்யச் சொல்வேன். கடலோரத்தில் தயங்குவேன். கடற்காற்றுக்கு நேராக நிற்கும் கான்கிரீட்டை ஐ.எஸ். 456 கடுமையான சூழல் என்று வகைப்படுத்துகிறது, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடாக்கு, குறைந்தது எம்30 (30 மெகாபாஸ்கல் வலிமை) கான்கிரீட். பூசி மறைந்த அறை உள்பக்கத்துக்கு 30 மில்லிமீட்டர் போதும். ஓட்டுக்கு நடுவிலுள்ள ஒடுக்கமான வரியில் கம்பி சரியாக நடுவே நின்று, சுற்றிலும் கான்கிரீட் நிறைய வேண்டும். கை தேர்ந்தவர் இருந்தால் முடியும். குளச்சல்காரன் தம்பிக்கு இது எதற்கு?

ஆரல்காற்று

எனக்கு ஒரு பயம். 2017-ல் ஒகி புயல் அடித்தபோது எங்கள் பக்கம் தகரமெல்லாம் பறந்தது. இவ்வளவு லேசான சுவர் நிற்குமா?

சிவில் அக்கா

நல்ல இடத்தில் கேட்டீர்கள். நாலு பக்கமும் கட்டுப்பட்டு, லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு சன்னலுக்கு மேலே, கம்பி போட்ட கான்கிரீட் பெல்ட் ஓடி, தலையில் தளமும் உட்கார்ந்திருக்கிற சுவருக்குக் காற்றால் ஆபத்து குறைவு. தனியாக நிற்கிற கைப்பிடிச் சுவர்தான் ஆபத்து. மொட்டைமாடிக் கைப்பிடியை வெறும் ஏ.ஏ.சி.யில் கட்டக்கூடாது. இடையிடையே சின்னக் கான்கிரீட் தூண் நிறுத்தி மேலே ஒரு பட்டையாவது ஓட்ட வேண்டும்.

தக்கலை மேஸ்திரி

நான் பார்த்த வரையில் இந்தக் கல்லில் வருகிற புகார் எல்லாம் ஒன்றே ஒன்று, பூச்சு வெடிப்பு. காரணம் நம் கொத்தனார்கள் இதைச் சுடுகல் மாதிரியே கையாளுவதுதான். சுடுகல்லை நனைத்து ஊறவைப்பார்கள், இதையும் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். முக்கக்கூடாது, முகத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். கட்ட அரை இஞ்சு கலவை வேண்டாம், அதற்கென்று வருகிற பசையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் இழுக்க வேண்டும். முதல் வரிசை மட்டம் பிசகினால் கடைசி வரை பிசகும், மெல்லிய பசையில் சரிக்கட்ட இடமில்லை. தூணும் கல்லும் சேருகிற இடத்தில் கோழி வலை அடித்துவிட்டுப் பூச வேண்டும். பூச்சும் சிமெண்ட் கொழுத்த கலவையாக இருக்கக்கூடாது, ஒன்றுக்கு ஆறு போதும்.

மேற்குச் சுவரை மட்டும் தனியாகக் கவனியுங்கள். ஆனி ஆடிச் சாரல் அந்தப் பக்கம்தான் அறையும், ஐப்பசியில் மறுபடி மழை. சன்னலுக்கு மேல் சன்ஷேடு ஓரத்தில் சொட்டு நீர் விழும் வெட்டு விட வேண்டும், வெளிப்பூச்சு முடிந்து நன்றாகக் காய்ந்தபின் நல்ல வெளிப்புறப் பெயிண்ட் அடிக்க வேண்டும். குளியலறைக்கு ஏ.ஏ.சி. போடலாம், ஆனால் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குக் கான்கிரீட் பட்டை வார்த்துவிட்டு அதன் மேல் கட்டுங்கள்.

மலைநாட்டான்

எல்லாம் சரி. நான் சொன்னது அப்படியே இருக்கிறது, லாரி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த 18 டன் கணக்கு நன்றாக இருந்தது அக்கா, எங்கள் தெருவில் ஒருவர் மேலே செங்கல் ஏற்றப் போகிறார், அவருக்கு அனுப்பிவிட்டேன்.

குளச்சல்காரன்

முடிவு செய்துவிட்டோம். சுவர் ஏ.ஏ.சி. எட்டு இஞ்சு, லிண்டல் பெல்ட் உண்டு. தளம் சாதாரண ஜல்லியில் எம்30, கசடு சிமெண்ட் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் பி.பி.சி. இன்ஜினியரும் சரி என்றார். மாமனார் சிமெண்ட் மூட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

இரண்டு சின்னச் சந்தேகம். தம்பி சுவரில் பெரிய அலமாரி மாட்டுவான், தாங்குமா? அப்புறம் லாரி எங்கள் முடுக்குக்குள் வராது, என்ன செய்வது?

தக்கலை மேஸ்திரி

அலமாரி எங்கே வரும் என்று இப்போதே சொல்லிவிட்டால் அந்த வரிசையில் ஒரு கான்கிரீட் பட்டை போட்டுவிடலாம். இல்லாவிட்டால் இந்தக் கல்லுக்கென்று வருகிற நீளமான நைலான் பிளக்கைப் போடச் சொல்லுங்கள். சாதாரண ஆணி அடித்தால் நாலு நாளில் ஆடும்.

லாரியை மெயின் ரோட்டில் நிறுத்தி டெம்போவில் மாற்றி ஏற்றுங்கள். ஆள்களை எறிய விடாதீர்கள், மூலை உடையும். உடைந்தது வந்தாலும் தள்ளாதீர்கள், கையரம்பத்தால் அறுத்துக் கதவு ஓரங்களுக்குப் போட்டுவிடலாம். இறக்கியதும் தரையில் நேராக அடுக்காமல் பலகை மேல் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். நனைந்த கல்லில் பசை பிடிக்காது.